விசிறி எண் நான்கு

கேட்பதில் ஒரு குறையும் இல்லை.
பீஷானில் ஏர்கான் ஒழுகும் வீட்டுக்காரி திட்டுவது
கதவுப் பலகை அதிர நான்கு மூலையிலிருந்தும் வரும்.
நான் பேசுவதுதான் போய்ச் சேரவில்லை.

"கடற்கரையிலயா நிக்கிற?" என்றார் திருமதி கோ.
"அங்க மழையா?" என்றாள் அக்கா.
பிஐஇ-யில் தார் உருகும் வெயில்.
போ கியாட் மட்டும் நேராகச் சொன்னான்:
"வாளிக்குள்ள தலைய விட்டுப் பேசாத."

பழைய பிக்கப்.
எனக்கு முன்னால் ஜூரோங் மீன் வியாபாரி ஒருவர் வைத்திருந்தார்.
சிஓஇ இன்னும் மூன்று வருடம்,
மீன் வாசம் அதற்கும் மேலே.

முதலில் போனைச் சந்தேகித்தேன்.
வண்டியில் என் பெயரை அழித்தேன், போனில் வண்டியின் பெயரை.
பிறகு இருவரையும் மறுபடி அறிமுகம் செய்துவைத்தேன்,
கோபித்துக்கொண்ட சம்பந்திகளைப் போல.
ஆறு இலக்கம் காட்டி, சரிதானா என்றது.
சரி என்றேன்.
அதே கடல்.

சகாயராஜின் போனை இணைத்துப் பார்த்தோம்.
தூத்துக்குடியிலிருந்து அவன் மனைவி,
"என்னங்க, லாரிக்குப் பின்னாடியா உக்காந்திருக்கீங்க?"
போன் நிரபராதி.

மைக்கின் ஒலியளவை ஏற்றினேன்.
கடலும் ஏறியது.

அந்த ஆறு வாரத்தில் ஒரு நாள்,
புக்கிட் தீமா பக்கம் இறங்கும் வளைவில்,
கண்ணைச் சாலையில் வைத்துக்கொண்டு
அக்காவிடம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்:
அப்பா வீட்டுப் பத்திரத்தில்
உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டது நான்தான்,
தப்புதான்.
"ஒண்ணும் புரியலடா, ஒரே இரைச்சல். அப்புறம் பேசு."
சரி என்றேன்.
அந்தச் சரியில் எவ்வளவு நிம்மதி.

காக்கி புக்கிட், ஐந்தாம் தளம்.
ஹைருல் பிளாஸ்டிக் நெம்புகோலால் கூரைப் பலகையைத் தளர்த்தினான்.
முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மேலே,
எள் சிந்தியதுபோல ஆறு துளை.
உள்ளே உளுந்தளவு மைக்.
ஒயர் நன்றாக இருந்தது. மைக்கும் நன்றாக இருந்தது.
எஞ்சினை நிறுத்திப் பதிவு செய்தால் நான் நானாகவே இருந்தேன்.
எஞ்சினைப் போட்டால் கடல்.

அவன் துளைகளுக்குக் கீழே உள்ளங்கையை நீட்டினான்.
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான்.
பிறகு சிரிக்கத் தொடங்கினான்.

நடுவில் இருக்கும் காற்றுவழியின் மடல்கள்
வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.
விசிறி எண் நான்கில்.
என் ஒவ்வொரு சொல்லும் புறப்படும் முன்பே
ஒரு சின்னப் புயல் அதன் வாயை அடைத்திருக்கிறது.

சகாயராஜ் செருப்பைப் பார்த்தான்.
"சளி பிடிச்சிருந்துச்சுண்ணே. நெஞ்சுல அடிச்சிச்சு.
மேல திருப்பி விட்டேன். அப்புறம் மறந்துட்டேன்."

பதினேழு வருடமாக
ஊரார் படுக்கையறையில் ஏணி போட்டு
காற்றுக்குத் திசை திருத்துகிறவன் நான்.
ஹைருல் காசு வாங்க மறுத்தான்.
இந்தக் கதையை நாளெல்லாம் சொல்லலாம், அது போதும் என்றான்.

சோதிக்க யாரையாவது அழை என்றான்.
விரல் அக்காவின் பெயரில் நின்றது.
"ஹலோ, ஒண்ணு, ரெண்டு..."
"அட, பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கே!
அன்னிக்கு என்னமோ சொன்னியே, என்ன அது?"
ஹைருல் கடைசித் திருகை இறுக்கிக்கொண்டிருந்தான்.
"மைக் சோதனைக்கா" என்றேன்.
"வச்சிடறேன்."

மடல்களைத் தாழ்த்தினோம். அவனுக்கு இருமல்.
உயர்த்தினோம். எனக்குக் கடல்.
இப்படியே ஒரு வாரம், யாரும் யாரையும் குறை சொல்லாமல்.
கடைசியில் ஒரு ஏற்பாடு:
காற்று மேலேயே இருக்கட்டும்.
நான் பேசும்போது மட்டும் விசிறியைக் குறைப்பது.
திருமதி கோவுக்கு இரண்டு போதும்.
வேலை இடம், விலை, மணி, எல்லாம் இரண்டில் முடியும்.

வியாழக்கிழமை மூன்றரை மணி. கிராஞ்சி விலகல்.
முன்னால் ஜொகூர் லாரிகளின் வரிசை.
நான் விசிறியை நான்கிலிருந்து இரண்டுக்கு,
இரண்டிலிருந்து ஒன்றுக்கு,
பிறகு முழுதாக அணைத்தேன்.
வண்டிக்குள் பழைய மீன் மெல்ல எழுந்தது.
பிடரியில் வியர்வை.
சகாயராஜ் ஒன்றும் கேட்காமல்
காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு
சன்னல் பக்கம் திரும்பினான்.

மணி அடிக்கிறது.